கிண்ணம் வருவதற்குள் ஐந்தாவது சொல்

அமெரிக்காவின் சான் ஹோசே நகரப் பூங்காவின் சின்ன வாய்க்காலில் மரக்கிண்ணம் ஒன்று மிதந்து வருகிறது. கரையில் சீனப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கிண்ணம் அவரவர் முன்னால் வருவதற்குள் ஒரு வரி கவிதை சொல்ல வேண்டும். தவறினால் அதிலுள்ள கசப்புத் தேநீரைக் குடிக்க வேண்டும். அவர்கள் நாட்டுப் பழைய வழக்கமாம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் ஊரில் மூன்று மாவு மில் நடத்தியவன், விடுவேனா? மனைவி ராசாத்தியையும் இழுத்து உட்கார வைத்து, "நானே உழைத்தேன், நானே ஜெயித்தேன்" என்கிறேன்.

லின் என்ற அம்மாள் விரல் விட்டு எண்ணிவிட்டு ஃபோனில் பேச, அது மொழிபெயர்த்துத் தமிழில் சொல்கிறது: "வரிக்கு நாலு சொல் என்பது எங்கள் ரொம்பப் பழைய பாணி. பின்னால் வந்தவர்கள் ஐந்தாவதாக ஒன்று சேர்த்தார்கள். அதில்தான் கவிதைக்குப் புது மூச்சு வந்தது. நீங்களும் சேருங்கள்."

ராசாத்தி முழங்கையால் இடிக்கிறாள். "நீங்களே ஜெயிச்சீங்களா? அப்போ மில்லுல மூட்டை தூக்கினது யாரு? குடிச்சிட்டு எழுந்திரிங்க."

தோற்று எழுந்த பழக்கம் எனக்கில்லை. "இன்னொரு தடவை விடுங்க!"

கிண்ணம் மறுபடி வருகிறது. இன்னும் ஒரு முழம்தான்.

"நானே உழைத்தேன், நானே ஜெயித்தேன், ராசாத்தியோடு."

லின் அம்மாள் கைதட்டுகிறார். ராசாத்தி கிண்ணத்தை எடுத்து, "கசப்புலயும் எனக்குப் பங்கு உண்டுல்ல" என்று யாரையும் கேட்காமல் தானே குடித்துவிடுகிறாள்.