புள்ளி இல்லாத வானம்

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி லீவு நாளில் பழவேற்காடு ஏரிக்குப் போய், படகேறிப் பறவைகளைப் போட்டோ பிடிக்கிறாள் என்றால் எழுபதுகளின் பொன்னேரியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மறை கழன்றுவிட்டது. அந்த டீச்சர் நான்தான். கல்யாணம், காதுகுத்து, சாவு, இவற்றுக்குத்தான் கேமரா என்று ஊரே சட்டம் போட்டு வைத்திருந்தது. எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை.

கேமரா என் அண்ணன் கொடுத்தது. பழைய பெட்டிக் கேமரா. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது. ஏரியில் பூநாரைக் கூட்டத்தைக் கண்டதும் படகுக்காரர் கோலை ஊன்றி மெதுவாகத் தள்ளுவார். நாங்கள் நெருங்குவதற்குள் அவை எழும்பிப் போய்விடும். பிரிண்டு போட்டால் வெறும் தண்ணீர். என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். ஒருநாள் சிரிக்காமல் கறாராகச் சொன்னார்.

"இதான் கடைசி ரோலு. இதுல ஒரு பறவையாவது தெரியணும். இல்லன்னா இந்த டப்பாவ டிரங்குப் பொட்டில வெச்சிப் பூட்டிடுவேன், சொல்ட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ரோலை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அன்றைக்கு எழும்பிய பூநாரைகள் என்ன நினைத்தனவோ, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் பக்கமாகவே வந்தன. நான் படகில் எழுந்து நின்றுவிட்டேன்.

"குந்து டீச்சரு, கவுந்துடப் போவுது!" என்று படகுக்காரர் கத்தினார். கத்தட்டும் என்று போட்டோ பிடித்தேன். கிடைத்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கரை சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் 'டச்' பண்ணுவதில் பேர்போனவர். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பெண்ணின் படம் என்றால், நெகட்டிவில் பென்சிலைக் கூராக்கித் தடவியே அம்மைத் தழும்பையெல்லாம் காணாமல் செய்துவிடுவார். என் பிரிண்டையும் பெருமையாகத்தான் நீட்டினார். ஏரி இருந்தது. வானம் இருந்தது. வானத்தில் ஒன்றுமே இல்லை.

"மேல ஒரே புள்ளி புள்ளியா இருந்திச்சி டீச்சரம்மா. குந்திக்கினு ஒவ்வொண்ணா டச் பண்ணேன். இப்ப பாருங்க, இன்னா கிளீனா கீது!"

தழும்பை எடுக்கிற கை என் பூநாரைகளையும் எடுத்துவிட்டது. அழுதால் வீட்டுக்காரர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும், அழவில்லை.

"அது புள்ளி இல்லண்ணே, பறவ. பென்சில அழிங்க."

"அழிச்சா நெகட்டிவ்ல கீறல் வுழும்மா. பேஜாராப் பூடும்."

"வுழட்டும். நீங்க அழிக்கிற வரைக்கும் நான் இங்கியே குந்திக்கினு இருப்பேன்."

குடும்பப் படம் எடுக்க வந்தவர்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். நான் நகரவில்லை. கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தார். பென்சில் கரி கரைந்தது. மறுபடி பிரிண்டு போட்டார். கழுத்தை நீட்டி, காலை நீட்டி, வானம் முழுக்க என் பூநாரைகள். சின்னவைதான். ஆனால் கண்ணிருக்கிற எவருக்கும் அது பறவை.

வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தேன். இதைக் கொண்டுபோய் நீட்டி அவரிடம் பாஸ் மார்க் வாங்க வேண்டுமா? நான் என்ன அவர் வகுப்புப் பிள்ளையா?

அவரிடம் காட்டவில்லை. படத்தை அட்டையில் ஒட்டி, கூடத்தில் எங்கள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். சுத்தியல் சத்தம் கேட்டு வந்தவர், சுவரோடு முகத்தை ஒட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி, பறவதான். ஒத்துக்கிறேன். இனிமே நீ எடுக்கலாம்."

"நான் கேக்கவே இல்லியே" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே அடுத்த ரோலை ஏற்றினேன்.