குண்டானில் வைத்த மீன்குழம்பு

எங்கள் வீட்டு அலுமினியக் குண்டானுக்கு எங்கள் கல்யாணத்தின் வயது. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பை என் மனைவி அதில்தான் வைப்பாள். அன்று பேருக்குத்தான் ஊற்றுவாள். மீதி அதே குண்டானில் ஒரு ராத்திரி ஊற வேண்டும், திங்கட்கிழமைதான் அதற்கு ருசி என்பது அவள் கட்சி. நானும் அதே கட்சிதான். செம்பாக்கத்தில் எங்கள் தெருவே அந்தக் கட்சிதான்.

சர்க்கரை என் சிறுநீரகங்களைத் தின்று முடித்த பிறகு தாம்பரத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். முதல் வாரமே டாக்டர் என் மனைவியிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்.

"அலுமினியப் பாத்திரத்துல புளி, தக்காளி போட்டு சமைக்காதீங்கம்மா. கொஞ்சம் அலுமினியம் சாப்பாட்டுல இறங்கும். நமக்கெல்லாம் கிட்னி அதை வெளியே தள்ளிடும். சாருக்கு இனிமே தள்ளாது, உடம்புலயே தங்கிடும்."

"அப்போ அதனாலதான் இவருக்கு கிட்னி போச்சா டாக்டர்?"

"இல்லம்மா. அது சுகர். பாத்திரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை அவள் காதில் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் குண்டானைப் பரணில் போட்டாள். எவர்சில்வர் வந்தது. விஷயம் அதோடு போயிருக்கும், கூடுவாஞ்சேரியிலிருந்து என் அக்கா என்னைப் பார்க்க வராமல் இருந்திருந்தால். மொபைலில் வரும் வைத்தியக் குறிப்பெல்லாம் அவளுக்கு அத்துபடி. புதுப் பாத்திரத்துக்குக் காரணம் கேட்டவள், "ஐயையோ, இத்தனை வருஷமா என் தம்பிக்கு விஷத்தையா ஊத்திப் போட்ட?" என்று கேட்டுவிட்டாள்.

"வாயை மூடு. மாத்திரை போடாம திரிஞ்சவன் நான்" என்று கத்தினேன். அக்கா காபியைக்கூடத் தொடாமல் போனாள்.

அதன் பிறகு, டயாலிசிஸுக்கு என்னோடு துணைக்கு வருவதை என் மனைவி குறைத்துக்கொண்டாள். ஒரு திங்கட்கிழமை நான் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் திரும்பினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தக் குண்டான். உள்ளே நேற்றைய மீன்குழம்பு.

"என்ன பண்ற நீ?"

"உங்க அக்கா சொன்னதுலேர்ந்து எனக்கு மட்டும் இதுலதான் வைக்கிறேன். எனக்கும் கிட்னி போச்சுன்னா நான்தான் உங்களை இப்படி ஆக்கினேன்னு தெரிஞ்சிடும். போகலைன்னா நிம்மதியா இருப்பேன்."

"நல்லா இருக்கிறவங்களுக்கு அதால ஒண்ணும் ஆகாதுடி."

"நீங்களும் நல்லாத்தானே இருந்தீங்க" என்றாள்.

குண்டானைப் பிடுங்கிக் குழம்பை சிங்க்கில் கொட்டினேன். மறுநாள் பழைய பாத்திரக்காரர் வந்தபோது தூக்கிப் போட்டேன். அவள் தடுக்கவில்லை. சனியன் ஒழிந்தது என்று இருந்தேன்.

போன வாரம் அவள் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். என் கண் அவள் கணுக்காலுக்குப் போயிற்று. எனக்கு முதலில் வீங்கியது அங்கேதான். வீக்கம் ஒன்றும் இல்லை. இன்னொரு காலையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். துடைப்பதை நிறுத்திவிட்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் சொன்னதை நீங்களும் நம்பல, இல்ல?"