மஞ்சளாகாத ஒரு கை

1987 ஐப்பசியில் நடந்தது இது. கொக்குவிலில் எங்கள் வீட்டுச் சுவருக்குத் தீபாவளிக்கென்று சுண்ணாம்பு அடித்த கையோடு இந்திய இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கி, பீரங்கிச் செல்கள் விழ ஆரம்பித்துவிட்டன. நானும் மாமியும் கோயில் மடத்துக்கு ஓடினோம். சினைப்பசுவை விட்டு வரமாட்டேன் என்று என் கணவர் வீட்டிலேயே நின்றுவிட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் அவருக்கு.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பினோம். வீட்டில் அவரும் இல்லை, மாடும் இல்லை. வெள்ளைச் சுவர் நெடுகச் சிவப்புக் கைத்தடங்கள் மட்டும் இருந்தன.

"ஐயோ, என்ரை பிள்ளையின்ரை ரத்தம்!" என்று மாமி நிலத்தில் விழுந்தார். நான் சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆனால் ரத்தமென்றால் இதற்குள் கறுத்திருக்காதா? இது நேற்றுப் பட்டதுபோல் சிவந்து கிடந்தது. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். லிட்மஸ் தாள் கிடைக்காத காலத்தில் செவ்வரத்தம் பூவையும் மஞ்சளையும் வைத்தே பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் காட்டியவள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும், புளி பட்டால் பழையபடி மஞ்சளாகும். முற்றத்து எலுமிச்சையில் ஒரு தேசிக்காயைப் பறித்து, சுவரில் பிழிந்தேன். சிவப்புக் கை மஞ்சளானது.

"மாமி, மஞ்சள்! வெறும் மஞ்சள்!" என்று கத்தினேன். ஒவ்வொரு தடமாகப் பிழிந்துகொண்டே போனேன். உள்ளறைக் கதவுக்குப் பின்னால், நிலத்தோடு ஒட்டினாற்போல் இன்னொன்று இருந்தது. அது கறுத்திருந்தது. எவ்வளவு பிழிந்தும் நிறம் மாறவில்லை. மாமி காணாதபடி கதவை அகலத் திறந்து அதை மறைத்தேன்.

பின்னேரம் மாட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். ஓடிப்போய் அவரின் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"மாட்டின்ரை காலிலை செல் துண்டு பட்டிட்டுது. மஞ்சள் அரைச்சுப் பூசினனான். விளக்குக் கொளுத்தப் பயந்து இருட்டிலை சுவரைத் தடவித்தான் நடந்தனான். விடிய மாட்டோடை மருதனார்மடப் பக்கம் போயிட்டன்" என்றார்.

"உள்ளறைக்கும் போனனீங்களோ?"

"இல்லையே. நான் அந்தப் பக்கமே போகேல்லை."

மாமி சாமி அறையில் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் போய், என் கையை அந்தத் தடத்தருகே வைத்துப் பார்த்தேன். அது என் கையைவிடச் சிறியது; ஒரு பிள்ளையின் கை.

யார் வந்தது, எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் மஞ்சள் தொடும்போதெல்லாம், அந்தச் சின்னக் கைக்காக எங்கோ ஒரு வீட்டுக் கதவு இன்னும் திறந்தே இருக்கும் என்ற நினைப்பு வந்து என்னை உலுக்கிவிடுகிறது.