மூன்று டிஸ்குக்கும் பொட்டு வைத்தவர்

செந்தூர்வேல் அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் தண்ணீர்ச் சொம்பு வருவதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் வைஃபை பாஸ்வேர்டு இருக்கும். மொத்தம் முப்பத்திரண்டு எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு டாலர் குறி, கடைசியில் ரெண்டு நட்சத்திரம். சாத்தான்குளத்திலிருந்து வந்த அவருடைய பெரியப்பா அதைத் தட்டி முடிப்பதற்குள் திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அண்ணாச்சிக்கு அதில் வருத்தமில்லை. நெட்வொர்க் பத்திரமாக இருந்ததல்லவா, அது போதும் அவருக்கு.

அவரும் நானும் துறைமுகம் போகும் சாலையில் ஒரே கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறோம். நிலாவரை இலை, வற்றல், முருங்கைப் பொடி என்று கப்பலேறும் சரக்குக்கெல்லாம் பேப்பர் தயார் செய்வது எங்கள் வேலை. ஆபீசில் பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டால் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். "ஏலே மாரி, அது என்னன்னு பாரு" என்று என்னை ஏவுவார். அதே ஆள் முத்தையாபுரத்தில் தன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் டேட்டா சென்டர் முதலாளி.

கொரோனாவில் வீட்டில் அடைந்து கிடந்தபோது பிடித்த பித்து அது. "நம்ம போட்டோ, நம்ம வீடியோ. அத எவனோ ஒரு கம்பெனிக்காரன் வீட்டுல கொண்டுபோயி வைக்கது என்ன புத்தி? நாளைக்கு அவன் கதவப் பூட்டிட்டான்னா என்ன செய்வ?" என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்து, டிஸ்க் மாட்டி, சுவரெல்லாம் கேபிள் இழுத்து, வீட்டிலேயே சர்வர் வைத்துவிட்டார். உப்பளக் காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்று அதற்கு ஏசி போட்ட தனி அறை. படுக்கை அறைக்கு ஏசி இல்லை. கரண்ட் போனால் சர்வருக்கு யுபிஎஸ் உண்டு, அவர் மனைவி அனுசியா மதினிக்கு விசிறப் பழைய காலண்டர் அட்டை உண்டு. மதினி ஒருநாள் "போட்டோ திறக்க மாட்டேங்குங்க" என்று அடுப்படியிலிருந்து சொன்னதற்கு, "ஏளா, கம்ப்ளெயின்ட் ஃபார்ம்ல எழுதிப் போடு, வரிசைப்படி பாக்கேன்" என்றாராம். ஃபார்ம் நிஜமாகவே இருந்தது. அந்த வீட்டில் மொத்தம் ரெண்டே பேர்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் அந்த சர்வருக்குள் மதினியின் தங்கச்சி இருந்தாள்.

சரண்யாதேவியை விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மஞ்சள்காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாள், முப்பத்தி நாலு வயதில். சமைத்துக்கொண்டே அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது அவள் பழக்கம். அப்படி அறுபத்தொன்று மதினியின் போனில் இருந்தது. மத்தியானம் பாத்திரம் கழுவும்போது மதினி ஒன்றைப் போட்டுக் கேட்பாள், அதற்குப் பதிலும் சொல்லுவாள். அண்ணாச்சி அவற்றை சர்வருக்கு மாற்றினார். மதினியின் பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்கினார். ஆன்லைனில் இருந்த காப்பியையும், கொள்கைக்கு ஒத்துவராது என்று, தானே உட்கார்ந்து அழித்தார். அந்தப் பக்கம் தங்கச்சி மாப்பிள்ளை எப்போதோ அவள் போனில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டுத் தன் சிம்மைப் போட்டுக்கொண்டிருந்தான். ஆக, அந்தக் குரல் இனி சர்வரில் மட்டும்தான்.

அண்ணாச்சி முட்டாள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பொருளுக்கும் மூன்று காப்பி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கவேண்டும் என்று படித்திருந்தார். படித்தபடியே செய்தார். சர்வருக்குள் ரெண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் ஏறும். மூன்றாவது டிஸ்க் மஞ்சப்பையில் சுற்றி என் வீட்டு பீரோவில். மாதம் ஒருதடவை வாங்கிப்போய்ப் புதுப்பித்துத் திருப்பித் தருவார். "தீப்பிடிக்கட்டும், வெள்ளம் வரட்டும், களவு போகட்டும். ஒண்ணும் அசைக்க முடியாது பாத்துக்கிடு" என்பார். எனக்கே கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

போன ஆயுதபூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் பைக் நின்றது.

"மாரி, அந்த டிஸ்க எடு."

"இப்பதான அண்ணாச்சி கொண்டாந்து தந்திய. மாசம் ஆகலையே."

"பூசைக்குலே. எங்க அய்யா அவரு கடையில தராசுலேருந்து சாக்குத் தைக்க ஊசி வரைக்கும் ஒண்ண விடாம பொட்டு வைப்பாரு. ரெண்டு டிஸ்குக்குப் பொட்டு வச்சிட்டு ஒண்ண மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் அரிவாள்மணைக்கும் பொட்டு உண்டு. எடுத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் பூஜைக்குப் போயிருந்தேன். சர்வரை அணைத்து, டிஸ்குகளைக் கழற்றித் துடைத்து, மூன்றையும் வாழை இலையில் வரிசையாக அடுக்கியிருந்தார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். அண்ணாச்சி எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள், பொட்டு கோணலாகப் போகக்கூடாது. ஒவ்வொரு டிஸ்கின் மேலும் சின்னதாக ஒரு துளை இருந்தது, பொட்டுக்கென்றே அளவெடுத்து வைத்தமாதிரி. அதன்மேல் ஈரச் சந்தனத்தை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தார். மூன்றுக்கும் அதே இடம், அதே அழுத்து. துளைக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தது. காற்றுப் போய்வரும் அந்தத் துளையை மூடாதே என்று அதற்கு அர்த்தம். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற அண்ணாச்சியும் அதைப் படிக்கவில்லை, பொரிகடலை தின்றுகொண்டிருந்த நானும் படிக்கவில்லை.

விஜயதசமி அன்று நல்லநேரம் பார்த்து ஆயுதத்தை எல்லாம் ஓட்டவேண்டுமே. மூன்று டிஸ்கையும் ஒன்றாக மாட்டி சுவிட்சைப் போட்டார். உள்ளே டிக் டிக் என்று சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. தீயும் வெள்ளமும் கள்ளனும் செய்ய முடியாததை ஒரு சிட்டிகை சந்தனம் செய்துவிட்டது.

ஒரு வாரத்துக்கு அண்ணாச்சி உப்புக் காற்றைத் திட்டினார், யுபிஎஸ்ஸைத் திட்டினார், டிஸ்க் செய்தவனைத் திட்டினார். அப்புறம் சென்னையில் டிஸ்கைப் பிரித்து உள்ளிருப்பதை மீட்டுத் தருகிற ஒரு கடைக்கு அனுப்பினார். அங்கிருந்து போன் வந்தபோது நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். "சார், மூணுலயும் உள்ள மஞ்சளா என்னமோ ஒட்டியிருக்கு. என்ன சார் அது?" என்று அந்த ஆள் கேட்டது எனக்கே கேட்டது. அண்ணாச்சி போனை வைத்துவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து கூரியரில் ஒரு பென்டிரைவ் வந்தது. அண்ணாச்சி ஆபீசில் இருந்ததால் மதினிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கம்ப்ளெயின்ட் ஃபார்ம் எதுவும் எழுதாமல் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு நேராகப் போய்த் திறக்கச் சொன்னாள். உள்ளே முந்நூறு போட்டோ தேறியிருந்தது. பாதிக்குமேல் அண்ணாச்சி தன் சர்வரைத் தானே எடுத்துவைத்த படங்கள்: முன்பக்கம், பின்பக்கம், கேபிளுக்குக் கலர் டேப் ஒட்டியது. அறுபத்தொரு வாய்ஸ் மெசேஜில் மிஞ்சியது ஒன்று.

பதினோரு விநாடி. "ஏக்கா, குக்கரு சத்தம் போடுது. வச்சிருதேன். பொறவு பேசுதேன் என்னா?"

ஜெராக்ஸ் கடையிலேயே மதினி அதை நாலு தடவை கேட்டாளாம். கடைக்கார விஜிலா சொன்னாள், மிஷினை நிறுத்திவிட்டாளாம் மதினிக்காக.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அண்ணாச்சி அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "கொண்டா அத. இந்தத் தடவ நாலு டிஸ்க் போட்டிருவோம். ஒண்ண மெட்ராஸ்ல வைப்போம்" என்று கையை நீட்டினாராம். மதினி பென்டிரைவை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு சோறு வடிக்கப் போய்விட்டாள். மனுஷனுக்கு அங்கேகூடத் தெரிந்தது டிஸ்க்தான்.

மறுநாள் காலை என் போனுக்கு மதினியிடமிருந்து அந்தப் பதினோரு விநாடி வந்தது. "அழிச்சிராதிய" என்று மட்டும் எழுதியிருந்தாள். எனக்கு மட்டுமில்லை. உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் முத்துக்கனி சித்தப்பாவுக்கு, விஜிலாவுக்கு, ஆட்டோக்காரருக்கு, சரண்யாவின் மாப்பிள்ளைக்கு, நம்பர் தெரிந்த அத்தனை பேருக்கும் ஒவ்வொருவராக அனுப்பியிருந்தாள். நூற்றுச்சொச்சம் போன்.

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமல் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார்.

"ஒனக்கு வந்துச்சால?"

"வந்துச்சு."

"எனக்கு வரல." தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெட்வொர்க்ல என்னமோ கோளாறு போல இருக்கு."

"நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"அப்பம் நீ அனுப்பு எனக்கு."

கை போனுக்குப் போய்விட்டது. அவர் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. "அத மதினிகிட்ட கேளுங்க" என்றேன்.

அவர் கேட்கவில்லை. நாலு மாதமாகிறது.