வேலிக்கு இந்தப் பக்கம்

டெல்பர்ட் ரஸ்க் ஏழு வருஷம் ஒரு குண்டைத் தேடினார். மானின் மேல் பட்டதும் உள்ளே நன்றாக விரிந்து, நின்ற இடத்திலேயே அதைச் சாய்த்துவிடும் குண்டு. தெற்கு ஒஹாயோ மலைப்பக்கத்தில் வெடிமருந்தைக் குழலில் இடித்துச் சுடும் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தத் தேடல் உண்டு. ஆனால் மற்றவர்களுக்கு மான் கொஞ்சம் ஓடினாலும் பாதகமில்லை, பின்னாலேயே போய் எடுத்துக்கொள்வார்கள். டெல்பர்ட்டின் நிலம் நூற்றிருபது கஜம்தான் அகலம். கிழக்கே தார்ச்சாலை. மேற்கே முள்கம்பி வேலி. அடிபட்ட மான் எதுவும் சாலைக்கு ஓடுவதில்லை. வேலியைத் தாண்டி ஓக் காட்டுக்குள்தான் போகும். காடு டெல்பர்ட்டின் அண்ணன் ராய்ஸுடையது.

அம்மாவின் உயிலில் வீடு, ஓடை, மேட்டு வயல், காடு எல்லாம் ராய்ஸுக்குப் போயின. சாலையோரமாக நாடா போல நீண்டு கிடந்த இருபத்திரண்டு ஏக்கர் டெல்பர்ட்டுக்கு வந்தது, பிறகு அவர் அங்கேயே வீடு கட்டிக் குடிவந்தார். படுக்கையில் விழுந்த அம்மாவை ஆறு வருஷம் வைத்துப் பார்த்தது ராய்ஸ். வக்கீலை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் ராய்ஸ். டெல்பர்ட் முதலாவதைச் சௌகரியமாக மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் ஊரே பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டும் கையுமாக எழுந்து நின்று சொன்னார்: "சாகக் கெடந்தவ கையைப் புடிச்சுக் கையெழுத்து வாங்கின திருட்டுப்பய அதோ உக்காந்திருக்கான், நல்லா பாத்துக்குங்க." ராய்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

அந்த வகைத் துப்பாக்கிக்கான வேட்டை நாட்கள் ஜனவரியில் வரும். அந்த ஜனவரியில் டெல்பர்ட் ஒரு கிடா மானைச் சுட்டார். மாவட்டச் சாலைத்துறைப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்ததால், சக்கரத்தைச் சமன்செய்ய மாட்டும் ஈயக்கட்டிகள் அவருக்குச் சும்மா கிடைக்கும். அவற்றை உருக்கித்தான் குண்டு வார்த்திருந்தார். அந்த ஈயத்தில் வேறு உலோகம் கலந்திருக்கும். கல் மாதிரி இருக்கும், விரியாது. குண்டு ஊசி போல இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. மான் வேலி தாண்டிப் போய் விழுந்து செத்தது. அடுத்தவர் நிலத்தில் கால் வைக்க அவருடைய அனுமதி வேண்டும், செத்த மானை எடுப்பதற்கானாலும் சரி. மனைவி நார்மாதான் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"அவனுக்கு வாய் இருக்குல்ல, அவனே வந்து கேக்கட்டும்னார்."

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"செத்துக் கெடக்கறது மான். நீ இல்ல, டெல். போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

அவர் போகவில்லை. மானைக் கழுகுகள் தின்றன. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர்க்க டெல்பர்ட் பன்னிரண்டு வருஷம் உழைத்தார். இந்த உழைப்பை வேறு எதில் போட்டிருந்தாலும் மனுஷன் எங்கேயோ போயிருப்பார்.

குழாய் வேலைக்காரர் ஒருவரிடமிருந்து பழைய கழிவுநீர்க் குழாயின் ஈயத்தை வாங்கி வந்தார். நகத்தால் கீறினால் தடம் விழும் சுத்த ஈயம் அது. வார்த்த குண்டு விரிந்தது, ஆனால் கனத்தால் மெதுவாகப் போயிற்று. மான் எண்பது கஜம் ஓடித்தான் விழும். சில வருஷம் வேலிக்கு இந்தப் பக்கம் விழும், சில வருஷம் அந்தப் பக்கம். பிறகு நுனியில் குழி வைத்த, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இடிக்கும் கடைக் குண்டுகளுக்கு மாறினார். முதலில் வாங்கியது அளவுக்கு மீறி விரிந்தது. தோள்பட்டை எலும்பில் பட்டுத் தூள்தூளாகி மேல் சதையிலேயே நின்றுவிட்டது. அந்த மான் எங்கே போய்ச் செத்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் டெல்பர்ட் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் கெட்டவர் இல்லை, வீம்பு பிடித்தவர். மானுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கொட்டகையில் ஒரு பலகை முழுக்கச் சுட்டெடுத்த குண்டுகள் வரிசையாக இருக்கும். தண்ணீர் நிரப்பிய பால் கேன்களை அடுக்கி அவற்றில் சுட்டுப் பார்த்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் தேதி, மருந்தின் அளவு, எத்தனை கேன் துளைத்தது என்று குறித்த சீட்டு.

"கல்யாண நாள் உனக்கு ஞாபகமில்ல," என்பாள் நார்மா. "இந்த நசுங்கின ஈயத்தை எந்தச் செவ்வாக்கிழமை சுட்டேன்னு மட்டும் எழுதி வெச்சிருக்க."

ஏழாவது வருஷம் கிடைத்தேவிட்டது. செப்பு உறை ஈயத்தோடு ஒட்டியே இருக்கும் ஒரு குண்டு. அளவுக்குழாயில் நூறாவது கோடு வரை மருந்து போட்டுச் சுட்டால் அது காளான் போல விரியும், ஆனால் உடையாது. அதிலிருந்து ஐந்து வருஷம், ஐந்து மான்கள், ஒன்றுகூட நாற்பது கஜத்தைத் தாண்டவில்லை. சாலைப் பக்கம் இழுத்துப் போவது சுலபம். டெல்பர்ட் வேண்டுமென்றே வேலியோரமாக, ராய்ஸின் சமையலறை ஜன்னலுக்குத் தெரியும்படி இழுத்துப் போவார்.

போன வசந்தத்தில் அவருக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. நூறு கோட்டு மருந்தின் உதையை இனி அந்தத் தோள் தாங்காது. எழுபதாகக் குறைத்தார். மருந்து குறைந்தால் குண்டின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் தூரத்தில் அது விரியாது. இது அவருக்குத் தெரியாததா? ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நூறு கஜத்தில் கேன் வைத்துச் சுட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அத்தனை தூரத்துக்கு வெட்டவெளியில், வேலியை ஒட்டித்தான் இடம் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் தோளைப் பிடித்துக்கொண்டு தான் முகம் சுளிப்பதை டிராக்டரில் போகும் ராய்ஸ் பார்த்துவிடுவாரே! கொட்டகைக்குப் பின்னால் இருபத்தைந்து கஜத்தில் சுட்டார். குண்டு அழகாக விரிந்தது. அந்தச் சீட்டையும் எழுதிப் பலகையில் வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜனவரி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நிலத்தின் வடகோடியில் ஒரு கிடா வந்து நின்றது. நூற்றுப் பதினைந்து கஜம் இருக்கும். டெல்பர்ட் சுட்டார். புகை கலைந்தபோது மான் முதுகை வளைத்துக்கொண்டு வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் நாலு மயிரும் பனியில் ஒரு சொட்டு ரத்தமும் கிடந்தன. அதைப் பார்த்ததுமே குண்டு விரியவில்லை என்று புரிந்தது. வேலி வரை போய்ப் பார்த்தார். முப்பது கஜத்துக்கு அப்பால் ஓக் மரத்தடியில் மான் படுத்திருந்தது. சாகவில்லை. தலையைத் தூக்கும், தொங்கப்போடும், மறுபடி தூக்கும்.

செத்த மான்களுக்காக வாய் திறக்காத மனுஷனுக்கு இதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டு, சாலையைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டும்போது வெட்கத்தால் காது எரிந்தது.

ராய்ஸ் காப்பிக் கோப்பையோடு வந்து கதவைத் திறந்தார். எழுபது வயது. நன்றாக மெலிந்திருந்தார்.

"மான் உன் பக்கம் வந்துருச்சு," என்றார் டெல்பர்ட். "உயிரோட கெடக்குது. போய் முடிச்சு எடுத்துக்கட்டுமா?"

"நீதான் கேக்குறியா?"

"நான்தான் கேக்குறேன், ராய்ஸ். தயவுசெஞ்சு."

ராய்ஸ் ஒரு வாய் காப்பி குடித்தார். "நீ வந்து கேட்டா குடுத்துடணும்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சிட்டிருந்தேன். ஒவ்வொரு ஜனவரியும் கதவைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். இப்போ நீ கேட்டுட்ட. எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது. குடுக்க மாட்டேன், போ."

"நீயாவது போய் முடிச்சு விடு. அது சாக முடியாமக் கெடக்குது, ராய்ஸ்."

"அம்மாவும் ஆறு வருஷம் அப்படித்தான் கெடந்தா. நாலு மைல்ல இருந்த நீ எத்தனை தடவை வந்து பாத்த?"

கதவு சாத்திக்கொண்டது. டெல்பர்ட்டுக்கு விடை தெரியும். ஐந்து தடவை. அதில் ஒரு தடவை ஏணி இரவல் வாங்க வந்தது.

வேலிக்குத் திரும்பி வந்து நின்றார். கம்பியைத் தாண்டலாம், இங்கிருந்தே அண்ணன் நிலத்துக்குள் சுட்டும் முடிக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் கால் எழவில்லை. திருடன் என்று அண்ணனைச் சொன்னவர், அண்ணன் நிலத்தில் திருட்டுத்தனமாக எப்படிச் சுடுவார், எப்படி இறங்குவார்? மத்தியானம் வரை மான் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தூக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நார்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வண்டி ராய்ஸ் வீட்டுப் பக்கம் திரும்பியதை அவள் பார்த்திருந்தாள். அவள் முகத்தில் இத்தனை சந்தோஷத்தை அவர் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று.

"போனியா டெல்? கேட்டியா? என்ன சொன்னாரு?"

டெல்பர்ட் பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். குனிந்தபடியே நாடாவை அவிழ்த்தார்.

"வீட்ல ஆள் இல்ல," என்றார்.

"பரவாயில்ல விடு," என்று நார்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "போனியே, அதுவே போதும். நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் ரெண்டு பேருமாப் போவோம். நான் ஒரு ஆப்பிள் பை சுட்டு எடுத்துட்டு வர்றேன்."

மாவு எடுக்க அவள் அப்போதே உள்ளே போய்விட்டாள்.