தெரியாது என்று சொன்ன டொக்டர்

அக்குறணையில் என் கடையில் ஒருவருக்குக் கதவுப் பிணைச்சல் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் மகள் நஸ்ரா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். "வாப்பா, மாமி மவுத்தாகிட்டாங்க." பிணைச்சலைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அடுத்து என்ன செய்வதென்று விளங்கவில்லை. இன்றைக்கும் சரியாக விளங்கவில்லை.

போனவர் என் ஒரே அக்கா, நான் ராத்தா என்று கூப்பிடும் டொக்டர் சுலைஹா. ஊருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பேராதனையில் படித்து முடித்து அவர் வேலை பழகி வந்ததும், வாப்பா கடைக்குப் பக்கத்து அறையிலேயே டிஸ்பென்சரி போட்டுக் கொடுத்தார். முதலில் சனம் நிரம்பி வழிந்தது. பிறகு குறையத் தொடங்கியது. என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டால் ராத்தா சில வேளை, "இன்னும் தெரியா. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு செல்றேன்" என்று விடுவார். சாமான் இல்லாவிட்டாலும் 'நாளைக்கு வரும்' என்று சொல்லிப் பழகிய வியாபாரக் குடும்பம் எங்களுடையது. வாப்பாவுக்குத் தலை வெடித்தது.

"தெரியாண்டு செல்ற டொக்டர எங்கயாலும் கண்டீக்கிறியா?" என்று என்னிடம் பாய்ந்தார்.

ராத்தா சிரித்துக்கொண்டே, "தெரியாண்டு செல்லாட்டி எப்பதான் வாப்பா தெரிஞ்சிக்கிற?" என்றார்.

டிஸ்பென்சரி மூடப்பட்டது. ராத்தா ஆய்வுகூடத்தில் எலிகளை வைத்துக் காய்ச்சல்களை ஆராயப் போனார். ஊரில் 'எலி டொக்டர்' என்றார்கள். நானும் சேர்ந்து கேலி செய்வேன். அவர் கோபித்ததே இல்லை. "உன்ட கடையில ஈக்கிற எலிகளயும் அனுப்பு தம்பி" என்பார்.

உம்மா படுக்கையில் விழுந்தபோது, வந்த டொக்டர்மார் எல்லோரும் சுகமாகிவிடும் என்றார்கள். உம்மா ராத்தாவிடம், "நான் பொழப்பேனா மக?" என்று கேட்டார். "தெரியா உம்மா. நான் இங்கயே ஈக்கிறேன்." எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அதுவரை ஒதுக்கி வைத்திருந்த கஞ்சியை உம்மா அதற்குப் பிறகுதான் வாங்கிக் குடித்தார். ஏனென்று எனக்கு அப்போது புரியவில்லை.

இப்போது நஸ்ராவுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று இங்கேயே வழமையான மருத்துவப் படிப்பு. முடித்தால் வார்டும் நோயாளிகளும் நிச்சயமான வேலையும். மற்றது வெளிநாட்டில், மருத்துவத்தோடு ஆராய்ச்சியும் சேர்ந்த நீண்ட படிப்பு. முடிவில் என்னவாகும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை பதில் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ராத்தாவிடமே கேட்டேன்.

"ரெண்டுலயும் கொஞ்சம் இழப்பு ஈக்கி தம்பி. யோசிச்சு செல்றேனே" என்றார். சொல்லாமலே போய்விட்டார்.

அவரைக் கொண்டுபோன வருத்தம் எதுவென்று வார்டில் இருந்த இளம் டொக்டரிடம் கேட்டேன். என்னென்னவோ சொல்லிச் சுற்றி வளைத்தார். "தெரியாட்டி தெரியாண்டே செல்லுங்க டொக்டர். அவங்க கோவிக்க மாட்டாங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "உண்மையா எங்களுக்குத் தெரியல்ல" என்றார்.

ராத்தாவின் உடல் கிடந்த ஜனாஸா வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நஸ்ராவை இங்கேயே படிக்க வைக்கும்படி ராத்தா தன்னிடம் சொன்னதாக மச்சான் ஒருவர் சத்தியம் செய்தார். வெளிநாட்டுக்கே அனுப்பச் சொன்னதாக ராத்தாவுடன் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒருவர் சொன்னார். இருவரும் பொய் சொல்பவர்களல்லர். எனக்குத்தான் தலை சுற்றியது.

ராத்தாவை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து மண் ஒட்டிய கையோடு திரும்பினேன். வாசலில் நஸ்ரா நின்றிருந்தாள்.

"வாப்பா, நான் ரெண்டுல எதுக்குப் போக?"

வாழ்நாள் முழுக்கக் கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் வைத்திருந்தவன் நான். அன்றைக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"தெரியா மக. நான் இங்கயே ஈக்கிறேன்."

அவள் என் மண் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக, விம்மி விம்மி அழுதாள்.

ராத்தா, நாளைக்குத் திங்கட்கிழமை. உங்கள் மருமகள் இன்னும் உங்கள் கதிரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். உங்கள் கபுறில் அல்லாஹ் வெளிச்சத்தைத் தரட்டும். போய் வாருங்கள்.