தேவகி மேடம் குடிக்காத டீ

டீயை வாங்கிக்கொள்வார் தேவகி மேடம். குடிக்க மாட்டார். பிள்ளையார்பாளையத்தில் எந்தச் சாயப்பட்டறைக்குள் நுழைந்தாலும் "ஒரு டீ குடுங்கப்பா" என்பார். போகும்போது ஏடு படிந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போவார். விஷத்துக்குப் பயம் என்கிறது பாதித் தெரு. சர்க்கரை வியாதி என்கிறது மீதி.

பட்டுச்சேலைக் கம்பெனி ஒன்றின் ஆள் அவர். கம்பெனி நூலுக்குச் சாயம் ஏற்றித் தருகிற பட்டறைகளில் கழிவுநீர் எங்கே போகிறது, அடுப்பில் எது எரிகிறது, கூலி ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்து மார்க் போடுவார். மார்க் இருந்தால்தான் சேலையில் பச்சை இலை முத்திரை ஒட்டுவார்களாம். ஃபெயிலானால் நூல் வேறு பட்டறைக்குப் போய்விடும். மார்க் சனியன் பள்ளிக்கூடத்தோடு ஒழிந்தது என்று பட்டறைக்காரர்கள் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஸ்கூட்டரை அடுத்த தெருவிலேயே அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வருவார். ஒருநாள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டோம். அதையும் தள்ளிக்கொண்டு, வழிநெடுகச் சாக்கடைகளைக் குனிந்து பார்த்தபடியே போனார். பையில் வெள்ளைப் பட்டுநூல் இருக்கும். பட்டறைக் கால்வாயில் நனைத்து, சாயம் ஒட்டியிருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பார். எதைக் கேட்டாலும் முடிவில் "சும்மா கேட்டேன்பா" என்பார். அந்தச் சும்மாவுக்குத்தான் எல்லோரும் பயப்படுவோம்.

போன வாரம் திருஞானசம்பந்தத்தின் பட்டறை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நூலில் சாயம் ஏறிவிடும் என்பதால் எங்களுக்கு அவர் சம்பந்தம் அண்ணன். கழிவுநீரைச் சுத்தம் செய்கிற தொட்டி அடைத்துக் கிடந்தது. கால்வாயை மட்டும் பளிச்சென்று கழுவி வைத்திருந்தார்.

"அடுப்பே பத்த வைக்கல மேடம். இந்த வாரம் பூரா குந்திக்கினுதான் இருக்கேன்."

வெள்ளை நூல் வெள்ளையாகவே வந்தது.

"அப்டியா? ஒரு டீ குடுங்கப்பா."

அண்ணனே கொண்டுவந்து நீட்டினார். மேடம் டம்ளரைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் அரக்குச் சிவப்பு. தெருவெல்லாம் அவர் டீ கேட்டது எதற்கென்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

"அரக்கு நல்லா புடிச்சிருக்குதே. சும்மா கேட்டேன்பா."

"தொட்டி அடைச்சிக்கிச்சு மேடம்," என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "நூலும் வராம போச்சுன்னா அத எத வெச்சி சரி பண்றது?"

"மறைச்சா கம்பெனி லிஸ்ட்லேருந்து பேரையே எடுத்துருவாங்க. தானா சொன்னா ஒரு மாசம் டைம் குடுப்பாங்க." மேடம் டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மார்க் போடுகிற போனை எடுத்தார். "நீங்களே சொன்னதா போடவா, நான் கண்டுபுடிச்சதா போடவா?"

இதிலும் ஏதோ பொறி இருக்கிறது என்று அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார்.

"நானே... நானே சொன்னேன்னு போடுங்க மேடம்."

போனில் கழிவுநீருக்கு நேரே சைபர் போட்டு, அதை அவரிடமே திருப்பிக் காட்டினார் மேடம். பிறகு டம்ளரை எடுத்து, ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டு, ஆறிப்போன டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.